முள்ளை மறைத்த சந்தனப் பொட்டு

தம்பி,

உறையின் மேல் உன் தங்கையின் கையெழுத்தைப் பார்த்துத்தான் இதைப் பிரித்திருப்பாய். என் பெயர் இருந்தால் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவாய் என்று எனக்குச் சந்தேகம். உள்ளே இருப்பதும் அவள் எழுத்துத்தான், பேச்சு மட்டும் என்னுடையது. நான் ரப்பர்த் தோட்டத்து லயத்துப் பேச்சில் சொல்லச் சொல்ல அவள் அதைப் பள்ளிக்கூடத் தமிழாக மாற்றி எழுதிக்கொண்டு போகிறாள். ஒவ்வொரு பக்கமும் முடிந்தவுடன் படித்துக் காட்டச் சொல்கிறேன். நான் சொல்லாததை அவள் சேர்த்துவிடுவாளோ என்று ஒரு சந்தேகம், சொன்னதை இனிப்பாக்கிவிடுவாளோ என்று இன்னொரு சந்தேகம். "அப்பா, நீங்க சொல்றது ஒன்னு விடாம வருது. வேணும்னா அம்மாகிட்ட படிச்சுக் காட்டறேன்" என்கிறாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, காது உண்டு. ஆகையால் இரண்டு பேர் சாட்சியாக இந்தக் கடிதம் எழுதப்படுகிறது.

நீ உன் தங்கைக்கு எழுதிய கடிதத்தை நான் பார்த்தேன். அவளைக் கோபிக்காதே. அவள் படித்துவிட்டுத் தன் நோட்டுக்குள் வைத்தாள், நான் நோட்டைத் தேடி எடுத்து அவளையே படிக்கச் சொன்னேன். ஜொகூர் பாருவில் உன் பட்டறைக்கு வரும் செட்டியார் தன் காரில் ரேடியோ பெட்டி வைத்துத் தரச் சொல்கிறார் என்றும், கார் நின்றிருக்கும்போதும் சிங்கப்பூர்ச் செய்தி கேட்க வேண்டுமாம், அதனால் கம்பியை நேராகப் பேட்டரியிலிருந்து இழுக்கச் சொல்கிறார் என்றும் எழுதியிருந்தாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்படிச் செய்யாதே. சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் வருகிற முனை ஒன்று சுவிச்சின் பின்னால் இருக்கும், அதிலிருந்து எடு. எஞ்சினுக்குப் போகிற கம்பியில் மட்டும் கை வைக்காதே. ரேடியோவில் ஏதாவது கம்பி முட்டிக்கொண்டால் கார் நடு ரோட்டில் நின்றுவிடும். கம்பி கிளம்புகிற இடத்திலேயே ஒரு பியூஸ் வை. இதெல்லாம் உனக்குத் தெரியாததல்ல, என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் ஒன்பது மாதமாக உன்னோடு பேச எனக்கு ஒரு சாக்கும் கிடைக்கவில்லை. இப்போது ஒரு கம்பி கிடைத்திருக்கிறது.

நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். பெட்ரோல் டின்னில் சுண்ணாம்புக் கோடு போட்டு வைக்கிறவன். உனக்கு ஏழு வயதிருக்கும்போது கட்டிப் பால் டின்னிலும் கோடு போட்டு வைத்தேன். நீ அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, எறும்புக்கும் இந்தக் கோடு தெரியுமா?" என்று கேட்டாய். உன் அம்மா சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. டிரைவர் வேலைக்குச் சந்தேகம் நல்லது என்று நினைத்திருந்தேன். பிரேக்கைச் சந்தேகப்படுகிறவன்தான் மேட்டில் காரை நிறுத்தத் தெரிந்தவன். அந்தப் பழக்கத்தை வீட்டு வாசலில் செருப்போடு கழற்றி வைக்க எனக்குத் தெரியவில்லை. அதுதான் என் குறை, வேறு பெயர் சொல்லி அதை அலங்கரிக்கப் போவதில்லை.

தோட்டத்துக் கணக்குப் பார்க்கிற பெரிய கிராணிக்கு நான் ஓட்டுகிற காரில் முருகன் படத்துக்கு முன்னால் சிவப்பு பல்பு ஒன்று நான் வைத்துக் கொடுத்தது உனக்கு நினைவிருக்கும். நீ அப்போதுதான் சிகாமட் பட்டறையில் சேர்ந்திருந்தாய். முதலில் நான் அதைச் சரியாகத்தான் வைத்தேன். சாவியைத் திருப்பினால் விளக்கு எரியும், எடுத்தால் நின்றுவிடும். பிறகு ஒரு கல்யாணத்துக்குக் கிராணியையும் அவர் வீட்டு அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போனேன். பந்தல் வாசலில் கார் நின்றது, சாவியை எடுத்தேன், விளக்கு போனது. கிராணி அம்மா இறங்கப் போன காலை மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார். "என்ன டிரைவரே, ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் போயி நின்னதும் நம்ம சாமி வெளக்கு குளிர்ந்துடுது. இது நல்லாவா இருக்கு?" என்றார். எனக்கும் நல்லாயில்லை என்றுதான் பட்டது. விளக்கை ஊதி அணைக்கக் கூடாது, பூவால் ஒற்றிக் குளிர வைக்க வேண்டும் என்று வளர்ந்தவன்தானே நானும். மறுநாளே கம்பியைச் சாவிக்கு இந்தப் பக்கம் மாற்றிவிட்டேன். அன்றிலிருந்து கார் ஓடினாலும் நின்றாலும், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கடுகு போல ஒரு பல்பு. அது எவ்வளவு குடித்துவிடும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று சொல்வதுகூடப் பொய். அதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

அடுத்த வாரமே ஆயுத பூசை வந்தது. காரைக் கழுவி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, முன் விளக்குகளுக்கும் ஹாரனுக்கும் சாவித் துவாரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். கிண்ணத்தில் சந்தனம் மிச்சம் இருந்தது. பேட்டரிக்குள் மின்சாரம் போகிறதா, வெளியே போகிறதா என்று காட்டுகிற மீட்டர், முகம் போல் வட்டமாக எதிரே இருந்தது. நெற்றி என்று நினைத்து அதன் மேல்பக்கம் நடுவில் தடியாக ஒரு பொட்டு வைத்தேன். முள் சும்மா நிற்கிற இடம் அதுதான். கார் ஓடும்போது முள் வலப்பக்கம் வெளியே வரும், முன் விளக்கைப் போட்டால் இடப்பக்கம் வெளியே வரும், நின்றால் பொட்டுக்குள் போய்விடும். அது போதும் என்று இருந்தேன். அடுத்த பூசை வரைக்கும் அந்தப் பொட்டை யாரும் தொடக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். உனக்கும் சொல்லியிருந்தேன், நீயும் தொட்டதில்லை.

அதற்குப் பிறகுதான் திங்கட்கிழமைகளில் கார் படுத்துக்கொள்ள ஆரம்பித்தது. எல்லாத் திங்களும் அல்ல. கிராணி சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்கும் போகாமல் இருந்தால் மட்டும். ஆனால் அது எனக்கு அப்போது தெரியாது. முதலில் பெக்கோக்கில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் சீனரைச் சந்தேகப்பட்டேன். நல்லதை எடுத்துக்கொண்டு கெட்டதை வைத்துவிட்டார் என்று கடைவாசலில் நின்று சத்தம் போட்டேன். அவர் பேட்டரியைத் தட்டித் தட்டி "பாகுஸ், பாகுஸ்" என்றார். நல்ல பேட்டரியைத்தான் நல்ல பேட்டரி என்றார். பிறகு பேட்டரி இருக்கும் அடிப்பலகையைக் கவனித்தேன். அதன் திருகாணிகள் புதிதாகப் பளபளத்தன, யாரோ திறந்திருக்கிறார்கள். நீதான் திறந்தாய், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற. அதை நீ சொல்லியும் இருந்தாய். நான் அதைச் சொன்னதாக வைத்துக்கொள்ளாமல், ஒப்புக்கொண்டதாக வைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் உன் தங்கை எழுதுவதை நிறுத்திவிட்டாள். நான்தான் எழுது என்கிறேன், இதில் அவள் குற்றம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தினமும் நடந்ததை நோட்டில் எழுதி வரச் சொன்னார். அவள் ஒன்று விடாமல் எழுதினாள். அந்த நோட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். "ஞாயிறு: அண்ணன் ரயிலில் வந்தார். திங்கள்: கார் கிளம்பவில்லை." இப்படி ஐந்து இடத்தில் இருந்தது. ஐந்தையும் விரல் விட்டு எண்ணினேன். உனக்கு லீவு கிடைக்கிற நாளில்தான் கிராணிக்கும் லீவு, கிராணிக்கு லீவு என்றால் காருக்கும் லீவு என்பது என் புத்திக்கு எட்டவில்லை. நீ வந்தால் கார் சாகிறது, அவ்வளவுதான் எட்டியது. பட்டறையில் பழகுவதற்காக எங்கள் காரில் கை வைக்கிறான், பேட்டரியிலிருந்து எதற்கோ மின்சாரம் எடுக்கிறான் என்று முடிவு கட்டினேன். உன் பையை நீ குளிக்கப் போன நேரத்தில் திறந்து பார்த்தேன். ஒரு சின்ன பல்பு, அதில் இரண்டு கம்பி பற்றவைத்திருந்தது. அதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

அந்தத் திங்கட்கிழமை பெரிய துரையைப் பெக்கோக் ஸ்டேஷனில் இருந்து அழைத்து வர வேண்டும். கார் மூச்சுவிடவில்லை. விடியற்காலைப் பெரட்டில் பால்மரம் வெட்டுகிற எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள், கிராணி பெயர் கூப்பிடுவதை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். "என்னய்யா, துரைய நான் தோள்ல தூக்கிட்டா வரது?" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் மேல் விழாமல் வேறு யார் மேலாவது விழ வேண்டும் என்று நினைத்தேன். ரயிலுக்குக் கிளம்பி நீ பையோடு வந்துகொண்டிருந்தாய். பையைப் பிடுங்கி, பல்பை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினேன். இவன்தான், என் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு செய்கிறான் என்றேன். நீ கத்தவில்லை. "அப்பா, அது கரண்டு வருதான்னு பாக்கற பல்பு. உங்களுக்காகத்தான் செஞ்சேன். அந்த சாமி வெளக்க ஒரு வாரம் கழட்டி வச்சுப் பாருங்க, தெரிஞ்சிடும்" என்றாய். கூட்டத்தில் யாரோ "அலமாக்" என்று மலாயில் ஐயோ போட்டது எனக்குக் கேட்டது. நான் உன்னை அறைந்தேன். "தப்பு செஞ்சிட்டு சாமி மேலயா பழி போடற?" என்று கேட்டேன்.

நீ பையை எடுத்துக்கொண்டு போனாய். பல்பு என் கையிலேயே இருந்தது. காரை இருபது பேர் தள்ளி, ஒருவழியாகக் கிளப்பினோம். ஸ்டேஷன் ரோட்டில் நீ நடந்து போவதைத் தாண்டித்தான் நான் ஓட்டிக்கொண்டு போனேன். நிறுத்தவில்லை. நீ சிகாமட்டுக்கும் போகவில்லை, நேராக ஜொகூர் பாருவுக்குப் போய்விட்டாய் என்பது இரண்டு மாதம் கழித்து உன் தங்கைக்கு வந்த கடிதத்தில்தான் தெரிந்தது.

நீ போன பிறகு கார் சரியாகிவிடும் என்று காத்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆசையோடு காத்திருந்தேன். இரண்டு வாரம் கிளம்பியது. மூன்றாவது திங்கள் படுத்துக்கொண்டது. உன் தங்கை நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, தன் விரலை வைத்துப் படித்தாள். "ஞாயிறு: அண்ணன் வரவில்லை. திங்கள்: கார் கிளம்பவில்லை." அப்போதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நீ எங்களுக்குத் தெரியாமல் வந்து போகிறாய் என்று தோன்றியது. அடுத்த ஞாயிறு காலையிலிருந்து திங்கள் பெரட்டு வரைக்கும் கார்க் கொட்டகையைப் பூட்டிக்கொண்டு காருக்குள்ளேயே காவல் இருந்தேன். சோற்றை உன் அம்மா சன்னல் வழியாகக் கொடுத்தாள். யாரும் வரவில்லை. காலையில் கார் கிளம்பவில்லை. எனக்கு எதிரே ஒரு முழ தூரத்தில் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திருடனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவனுடைய வெளிச்சத்திலேயே திருடனைத் தேடியிருக்கிறேன்.

சென்ற வாரம் மறுபடி ஆயுத பூசை வந்தது. புதுச் சந்தனம் வைக்கப் பழையதைக் கழுவ வேண்டுமே. உன் தங்கை ஈரத் துணியோடு உள்ளே உட்கார்ந்து மீட்டர் கண்ணாடியில் காய்ந்திருந்த பொட்டை ஊறவைத்து எடுத்தாள். நான் வெளியே சக்கரம் கழுவிக்கொண்டிருந்தேன், சாவி என் இடுப்பில் இருந்தது. "அப்பா, முள்ளு நடுவுல நிக்கலையே" என்றாள். பழைய மீட்டர், கோணல் என்றேன். "எவ்ளோ கோணல்னு குறிச்சுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, அவள் பாட்டுக்கு முருகன் படத்தைத் துடைக்க வசதியாக அந்தப் பல்பைத் திருகிக் கழற்றினாள். "அப்பா, இப்ப நடுவுக்கு வந்திடுச்சு."

நான் கையைக்கூடத் துடைக்காமல் உள்ளே வந்தேன். பல்பைப் போடச் சொன்னேன். முள் ஒரு மயிரிழை இடப்பக்கம் போனது. கழற்றச் சொன்னேன், நடுவுக்கு வந்தது. போடு என்றேன், கழற்று என்றேன், எத்தனை முறை என்று அவள் நோட்டில் இருக்கும். ஒரு வருடமாக அந்த முள் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் வாயில் நானே சந்தனத்தை அப்பி வைத்திருந்தேன். அப்புறம் என் பெட்டியிலிருந்து உன் பல்பை எடுத்தேன். ஒரு கம்பியைக் காரின் இரும்பில் வைத்து, இன்னொன்றைச் சுவிச்சின் ஒவ்வொரு முனையிலும் தொட்டுப் பார்த்தேன். சாவி இல்லாமலே எரிகிற முனையில் நான் மாற்றிய கம்பி இருந்தது. சாவி போட்டால் மட்டும் எரிகிற முனை பக்கத்தில் காலியாக இருந்தது. நீ செய்து வைத்திருந்தது எவ்வளவு நேர்த்தியான சாமான் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கம்பி பிரியாமல் நூல் சுற்றியிருந்தாய்.

கம்பியைப் பழைய இடத்துக்கு மாற்றிவிட்டு, கிராணி அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "சாமி வெளக்கு கரண்டத் திருடுதுன்னு சொல்றீரா?" என்று கேட்டார். திருடவில்லை அம்மா, நான்தான் கேட்காமல் எடுத்துக் கொடுத்தேன் என்றேன். அவர் "அப்ப நான் எறங்கி வீட்டுக்குள்ள போனதுக்கப்புறம் சாவியை எடுமே" என்றார். அவ்வளவுதான். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். அவர் வாசல்படி ஏறி மறைகிற வரைக்கும் விளக்கு எரிகிறது, பிறகு சாவியை எடுக்கிறேன். அந்தக் கல்யாண வீட்டு வாசலில் நான் கொஞ்சம் பொறுத்திருந்தால் நீ இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்துகொண்டிருப்பாய். உன் செட்டியாருக்கும் இப்படி ஏதாவது வழி இருக்கும். நின்ற காரில் செய்தி கேட்க வேண்டுமானால் அந்த நேரம் மட்டும் சாவியைப் பாதி திருப்பிக்கொள்ளட்டும். சில கார்களில் எஞ்சினுக்குப் போகாமல் அப்படி ஒரு நிலை இருக்கிறதாமே. அவர் கேட்டார் என்பதற்காக மட்டும் செய்துவிடாதே. பெரியவர்கள் கேட்டால் உடனே செய்துவிடுவது மரியாதை என்று நானும் நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். எந்தக் காரிலாவது கோளாறு வந்தால், கடைசியாக நீ கை வைத்த இடத்தை முதலில் பார். வேறு யார் கை வைத்தார்கள் என்று தேடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள். நாளைக்கு உனக்குக் கீழே நாலு பேர் வேலை செய்வார்கள், உனக்கும் பிள்ளைகள் வரும். என் ரத்தம் உனக்குள் இருக்கிறது, அதனால்தான் பயப்படுகிறேன். நோட்டில் இருப்பதெல்லாம் உண்மையாகவே இருக்கும், ஆனால் நீ கூட்டுகிற கணக்கு பொய்யாக இருக்கும்.

பூசை முடிந்து எட்டு நாள் ஆகிறது. தெரிந்த அன்றே நான் ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். நீ மன்னித்துவிடுவாயோ மாட்டாயோ என்பதைவிட, படித்துவிட்டுச் சிரிப்பாயோ என்றுதான் பயம். உன் அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாள். "அறைஞ்சது பெரட்டுல. மன்னிப்பு மட்டும் ஒறைக்குள்ளயா?" அதனால் கிராணியிடம் கேட்டிருக்கிறேன். நாளைக் காலை பெயர் கூப்பிட்டு முடித்ததும் கால் மணி நேரம் தருகிறேன் என்றார். இதுவரை எழுதியதை உன் தங்கை எல்லோர் முன்னாலும் படிப்பாள்.

இதற்கு மேல் எழுதுவது மறுநாள். படித்துவிட்டாள். இன்னும் வெளுக்காத நேரம், அதனால் காரைப் பெரட்டுக் களத்துக்கு ஓட்டி வந்து முன் விளக்கைப் போட்டேன், அந்த வெளிச்சத்தில் நின்று படித்தாள். அறைந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் வேகமாகப் படித்தாள். முதல் வரிசையில் நின்ற பால்மரக்காரப் பெண் ஒருத்தி வாளியைக் கீழே வைத்துவிட்டு, "சாமிய விட்டுட்டு புள்ளையப் புடிச்சீங்களா டிரைவரண்ணே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை அது என் மேல்தான் விழுந்தது, விழட்டும் என்று நின்றேன். கிராணி, "உம் பையன் வந்தா என்னையும் பாக்கச் சொல்லு" என்றார். வந்தால் என்றுதான் சொன்னார், அதையும் அப்படியே எழுதச் சொன்னேன்.

இந்த வருடம் மீட்டர் கண்ணாடியில் பொட்டு இல்லை, பக்கத்துப் பலகையில் வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. உன் பல்பும் இரண்டு கம்பியும் என் பெட்டியில் துணியில் சுற்றி இருக்கின்றன. அதை இந்தக் கடிதத்தோடு அனுப்பலாமே என்று உன் தங்கை கேட்டாள். தபாலில் உடைந்துவிடும் என்றேன். அவள் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு என்னையே பார்த்தாள். சரி, உண்மையை எழுது என்றேன். அதையும் அனுப்பிவிட்டால், நீ வந்து எடுத்துக்கொள்ள இந்த வீட்டில் உன் பொருள் என்று ஒன்றும் இருக்காது.

உன் அப்பா